பூஸ்டர் வாங்க உள்கடனா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சேமிப்பு, வங்கிக் கடன், தணிக்கை என்று காலையிலிருந்து கணக்காகவே பேசிக்கிட்டு இருந்தோம். இப்போ கொஞ்ச நேரம் டி.வி. பற்றிப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, இதுவும் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் குழுக்களோட தீர்மான நோட்டுகளைப் புரட்டும்போது புதுசா ஒரு செலவு கண்ணில் பட்டது. "ஆன்டெனா, பூஸ்டர் வாங்க உள்கடன்." விசாரிச்சால், வண்டியில வந்து விற்கிறாங்களாம். "இதை மாடியில வைங்கம்மா, மாசக் கட்டணமே இல்லாம எல்லா சேனலும் வரும். வரலைன்னா பெரிய பூஸ்டர் இருக்கு, அதைப் போட்டா கட்டாயம் வரும்" என்கிறாங்களாம்.

பதிலை முதல்லயே சொல்லிடறோம். வராது. பெரிய பூஸ்டர் போட்டாலும் வராது. அதுக்கும் பெரிய பூஸ்டர் போட்டாலும் வராது. வராது என்று மட்டும் சொன்னால் நீங்க கேட்க மாட்டீங்க, அது எங்களுக்குத் தெரியும். அதனால ஏன் வராது என்பதைத்தான் இன்னைக்குப் பேசறோம். டி.வி. பார்க்கிறது ஆடம்பரம் என்று நாங்க சொல்ல வரலை. நாள் முழுக்கக் களை எடுத்துட்டு வர்ற பொம்பளைக்கு அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்க ஒரு பெட்டி வேணும்தான். ஆனா குழுப் பணம் தகரக் குச்சிக்குப் போகக் கூடாது.

பழைய கதையில இருந்து ஆரம்பிப்போம். சென்னையில தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15. அப்போ நம்ம பக்கம் டி.வி. வெச்சிருந்தவங்க ரொம்பக் குறைவு. வெச்சிருந்த வீட்டு மாடியைப் பார்த்தாலே தெரியும், மீன் முள்ளு மாதிரி ஒரு பெரிய ஆன்டெனா நிற்கும். சென்னை ஒளிபரப்பு 4ஆம் எண் சேனல். அந்த அலை நீளமானது, அதனால குச்சியும் நீளம் வேணும், ஏறக்குறைய ஏழரை அடி. காக்கா வந்து உட்கார்ந்தால் படம் ஆடும்.

1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போச்சு. 1984 முதல் நாடு முழுக்க 100 வாட் சக்தி உள்ள சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்கள் வேகமா வந்தன. நம்ம பகுதிக்குப் பக்கத்துல புதுச்சேரியிலும் தூர்தர்ஷன் நிலையம் வந்தது. ஆனா ஒரு சங்கடம். அந்தச் சின்ன நிலையங்கள் ஆரம்பத்துல தில்லியில இருந்து செயற்கைக்கோள் வழியா வர்ற நிகழ்ச்சியைத்தான் வாங்கிக் கொடுத்தன. செய்தி இந்தி, நாடகம் இந்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே காத்துக் கிடக்கிற ஒளியும் ஒலியும் சென்னையில இருந்து வரணும். கிட்டத்துல பளிச்சென்று வருவது புரியாத பாஷை, புரிகிற பாஷையோ தூரத்துல புள்ளி புள்ளியா வருது. அந்த நாள்ல ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி ஜனங்க பட்ட பாடு இதுக்குத்தான்.

கடலோரத்துல இன்னொரு கதையும் உண்டு. இலங்கையில ரூபவாகினி 1982 பிப்ரவரி 15இல் தொடங்கியது. அதோட ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதாலகால மலை மேல இருக்கு, 2,524 மீட்டர் உயரம். நம்ம தென் மாவட்டத்துக் கடலோர ஜனங்க உயரமா ஆன்டெனா கட்டி அதையும் பிடிச்சுப் பார்த்தாங்க. கடலுக்கு மேல காத்து சூடும் குளிர்ச்சியுமா அடுக்கடுக்கா நிற்கிற சில ராத்திரிகள்ல அலை வழக்கத்தை விட ரொம்ப தூரம் போகும். அது இயற்கை கொடுக்கிற இனாம். நினைச்சப்ப எல்லாம் கிடைக்காது.

சரி, கிட்டத்து நிலையம் ஏன் தூரத்து நிலையத்தை அமுக்குது? ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துறப்போ கூம்பு ஸ்பீக்கர் கட்டுவாங்க இல்லையா, அதுக்குக் கீழே நின்னுக்கிட்டு தெருக்கோடியில இருந்து உங்க மகள் கூப்பிடுறதைக் கேட்க முடியுமா? அவ மெதுவா கூப்பிடலை, நல்லாத்தான் கத்துறா. ஆனா காதுக்குள்ள ஸ்பீக்கர் சத்தம் நிறைஞ்சு கிடக்கு. இப்போ ஒருத்தர் வந்து உங்க காதுல மிஷின் மாட்டி, "இனி எல்லாச் சத்தமும் பத்து மடங்கு கேட்கும்" என்றால் என்ன ஆகும்? மகள் குரலும் பத்து மடங்கு, ஸ்பீக்கரும் பத்து மடங்கு. காதுதான் போகும். பூஸ்டர் செய்யறது இதையேதான். எது உங்களுக்கு வேணும், எது வேண்டாம் என்று அதுக்குத் தெரியாது.

கணக்காவே பார்ப்போம், நமக்குத்தான் கணக்கு பழக்கமாச்சே. தூரம் இரண்டு மடங்கானால் அலையோட பலம் நாலில் ஒரு பங்கு. தூரம் பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. கோட்டக்குப்பத்துல ஒரு வீடு. மூணு கி.மீ. தூரத்துல 100 வாட் நிலையம், 130 கி.மீ. தூரத்துல 10,000 வாட் நிலையம் என்று வெச்சுக்குங்க. பெரிய நிலையத்துக்குச் சக்தி நூறு மடங்கு இருந்தும், அந்த வீட்டு மாடியில சின்ன நிலையம்தான் ஏறக்குறைய இருபது மடங்கு பலமா விழும். இது பூமி தட்டையா இருந்தால். பூமி உருண்டை. 150 மீட்டர் கோபுரத்துல இருந்து கிளம்புற அலை நேரா போய்ச் சேர்றது 50, 60 கி.மீ.தான். அதுக்கு அப்புறம் தரையின் வளைவைத் தாண்டி வளைஞ்சு கசிஞ்சு வர்றதுதான் நமக்கு. அதையும் சேர்த்தால் வித்தியாசம் ஆயிரம் மடங்கையும் தாண்டும். அரிக்கேன் விளக்கு சின்னதுதான், ஆனா கண்ணுக்கு நேரா பிடிச்சால் தூரத்து ஃபோகஸ் லைட் தெரியாது.

பூஸ்டருக்கு இன்னொரு குறை உண்டு, அதை விற்கிறவங்க சொல்றதில்லை. உலைப்பானை மாதிரி அதுக்கு ஒரு கொள்ளளவு இருக்கு. அதுக்கு மேல ஊத்தினால் பொங்கும். உலை பொங்கினால் என்ன ஆகும்? கஞ்சி வழிஞ்சு அடுப்பையே அணைச்சிடும். அதே மாதிரி கிட்டத்து நிலையத்தோட பலத்தைத் தாங்காமல் பூஸ்டர் பொங்கினால், அந்த நிலையம் தன்னோட சேனல்ல மட்டும் நிற்காது, எல்லா சேனல்லயும் வழியும். சென்னைப் படத்துக்குப் பின்னால இன்னொரு படம் பஸ் கண்ணாடியைத் துடைக்கிற கம்பி மாதிரி இங்கேயும் அங்கேயும் ஓடும். கோடு கோடா அடிக்கும், சத்தத்துல உர்ர்ர் என்று ஒரு இரைச்சல் சேரும். வானூர், கோட்டக்குப்பம் மாதிரி புதுச்சேரியை ஒட்டின ஊர்கள்ல பூஸ்டர் போடாம பார்த்தால் மங்கலா தெரிஞ்ச படம், பூஸ்டர் போட்டதும் சுத்தமா கெட்டுப் போறது இப்படித்தான். கடைக்காரர் "சிக்னல் பத்தலை, இன்னும் பெரிய பூஸ்டர் போடணும்" என்பார். உண்மையில சிக்னல் பத்தாம இல்லை, வேண்டாத சிக்னல் கூடிப் போச்சு.

அப்போ அந்தக் காலத்துல வேலை தெரிஞ்ச மெக்கானிக் என்ன செய்தார்? பலமானதைக் குறைச்சார். அதுக்கு ஒரு பைசா செலவில்லாத வழி ஆன்டெனாவைத் திருப்புவது. எப்படித் திருப்பணும் என்பதுலதான் சூட்சுமம். எல்லாரும் வேண்டிய ஊர்ப் பக்கம் மூக்கைத் திருப்புவாங்க. வேலை தெரிஞ்சவர் வேண்டாத ஊர் எந்தப் பக்கம் என்று முதல்ல பார்ப்பார். ஆன்டெனா குச்சியோட முனை எந்தத் திசையைப் பார்க்குதோ, அந்தத் திசையில அதுக்குக் காது கேட்காது. அந்தச் செவிட்டுப் பக்கத்தை பலமான நிலையத்துக்குக் காட்டணும்.

விழுப்புரத்தை எடுத்துக்குங்க. அங்கே இருந்து புதுச்சேரி நேர் கிழக்கே, நேர்க்கோட்டுல 37 கி.மீ. சென்னை வடக்கும் வடகிழக்குமா, சுமார் 150 கி.மீ. மூக்கை நேரா சென்னைக்குக் காட்டினால் புதுச்சேரி பக்கவாட்டுல கொஞ்சம் நுழையும். அதனால மூக்கை சென்னையை விட்டு இன்னும் வடக்கே, செஞ்சிப் பக்கமா திருப்பணும். அப்போ குச்சி முனை கிழக்கே நிற்கும், புதுச்சேரி மறையும். சென்னையும் கொஞ்சம் குறையும்தான், ஆனா குறைஞ்ச சென்னைதான் தெளிவா தெரியும். திண்டிவனத்துல இதுவே தலைகீழ். சென்னை வடகிழக்கே 115 கி.மீ., புதுச்சேரி தெற்கும் தென்கிழக்குமா 38 கி.மீ. அங்கே மூக்கை சென்னைக்குக் கொஞ்சம் கிழக்கே, மரக்காணம் பக்கமா சாய்க்கணும். புதுச்சேரி ஏற்கெனவே முதுகுப் பக்கம் ஒதுங்கி இருக்கிறதால திண்டிவனத்துக்காரங்களுக்கு வேலை சுலபம். தூரமும் குறைவு. இந்த விஷயத்துல விழுப்புரத்தை விடத் திண்டிவனம் கொடுத்து வெச்ச ஊர்.

மாடியில ஒருத்தர் கம்பத்தைப் பிடிச்சிருப்பார், வாசல்ல ஒரு பையன், டி.வி. முன்னால நாம. "தெரியுதா?" "இன்னும் கொஞ்சம்! ஐயோ போச்சு, பழையபடி திருப்பு!" ஒரு கண் அடுப்புல, ஒரு கண் திரையில. கம்பத்தைத் திருப்பினது ஆம்பளைங்கதான் என்றாலும் எந்த இடத்துல நிறுத்தணும் என்று சொன்னது நாமதான், அதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை.

திருப்பியும் அடங்காத இடத்துல இன்னொரு வைத்தியம். பட்டையா, ரிப்பன் மாதிரி ஒரு ஆன்டெனா ஒயர் வரும், ஞாபகம் இருக்கா? அதுல ஒரு துண்டை வெட்டி, பூஸ்டருக்கு முன்னால ஆன்டெனா ஒயரோட ஒரு முனையைச் சேர்த்து, மறுமுனையைச் சும்மா தொங்க விடுவாங்க. அந்தத் துண்டு சரியான நீளத்துல இருந்தால் ஒரு குறிப்பிட்ட சேனலை மட்டும் தின்னுடும். 5 முதல் 12 வரைக்கும் உள்ள சேனல்களுக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன. முதல்ல நீளமா வெச்சு, கத்தரியால நுனியை அரை விரற்கடை அரை விரற்கடையா வெட்டிக்கிட்டே வந்தால் ஒரு இடத்துல பலமான நிலையம் பொசுக்கென்று மங்கும். அங்கே நிறுத்தணும். சில ரூபாய் ஒயர் செய்யற வேலையை, பூஸ்டர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் செய்யாது.

1993இல் தமிழுக்கென்று தூர்தர்ஷன் செயற்கைக்கோள் சேனல் வந்தது. 2000இல் அதுக்குப் பொதிகை என்று பேர் வெச்சாங்க, 2024 ஜனவரியில டி.டி. தமிழ் ஆச்சு. அப்புறம் கேபிள் வந்தது. 2006 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது, 14 அங்குலப் பெட்டி, நம்மில் பாதிப் பேர் வீட்டுல இன்னும் எங்கேயாவது கிடக்கும். பெட்டி இலவசம், கேபிள் இலவசம் இல்லையே. மாசா மாசம் கட்ட முடியாத வீடுகள்ல மறுபடியும் ஆன்டெனா ஏறியது. 2011 செப்டம்பர்ல அரசு கேபிள் மாசம் ரூ.70க்கு வந்த பிறகு அதுவும் இறங்கியது.

இப்போதைய நிலைக்கு வருவோம். தூர்தர்ஷன் தன்னோட பழைய முறை தரைவழி ஒளிபரப்பைப் படிப்படியா நிறுத்திடுச்சு. 2022 மார்ச்சோட, எல்லைப்புறம் மாதிரி முக்கியமான ஐம்பது இடங்களை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை மூடுறது என்பது பிரசார் பாரதி அறிவிச்ச திட்டம். 2016 பிப்ரவரியில சென்னை உட்பட 16 நகரங்கள்ல டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கினாங்க. அது நகரத்தைச் சுத்தி இருக்கிறவங்களுக்கானது, விழுப்புரத்துக்கு வராது. இன்னொன்று, இது முக்கியம், நல்லா மனசுல வாங்கிக்குங்க. நம்ம நாட்டுல தரைவழியா டி.வி. ஒளிபரப்புற உரிமை தூர்தர்ஷனுக்கு மட்டும்தான். தனியார் சேனல் எதுவும், நீங்க ராத்திரி சீரியல் பார்க்கிற எந்தச் சேனலும், காத்துல நேரா மாடி ஆன்டெனாவுக்கு வர்றதே இல்லை. இல்லாததைப் பூஸ்டர் எப்படிப் பெருக்கும்? சைபரை ஆயிரத்தால பெருக்கினாலும் சைபர்தானே.

அதனால வண்டிக்காரர் வந்தால் ஒன்று செய்யுங்க. "முதல்ல மாட்டிக் காட்டுங்க, எங்க டி.வி.யில நாங்க கேட்கிற சேனலைக் காட்டுங்க, அப்புறம் பணம்" என்று சொல்லுங்க. வண்டி கிளம்பிடும்.

கட்டணம் இல்லாம பார்க்க வேணும் என்றால் உண்மையான வழி தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல தொடங்கினது. தட்டு, பெட்டி வாங்குற செலவு ஒரு தடவைதான், மாசக் கட்டணம் கிடையாது. ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்க்கணும். நம்ம ஊர்ல இருந்து அது தென்கிழக்கே, நல்லா அண்ணாந்து பார்க்கிற உயரத்துல இருக்கு, அதனால தென்னை மரமோ எதிர் வீட்டு மாடியோ பெரும்பாலும் மறைக்காது. டி.டி. தமிழ் வரும். ஆனா நீங்க விரும்பிப் பார்க்கிற தனியார் தமிழ் சேனல்கள் பெரும்பாலும் அதுல கிடையாது. என்னென்ன சேனல் வரும் என்று பட்டியலை வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. அது போதும் என்கிறவங்களுக்கு நல்லது, சீரியல் வேணும் என்கிறவங்களுக்குக் கேபிள்தான்.

செல்போனுக்கும் பூஸ்டர் விற்கிறாங்க, அதையும் சொல்லிடறோம். அனுமதி இல்லாம அதை வீட்டுல வைக்கிறதும் விற்கிறதும் சட்டப்படி குற்றம். அது போடுற இரைச்சல் நேரா டவருக்குப் போய், சுத்தி இருக்கிற தெருக்காரங்க போன் எல்லாத்தையும் கெடுக்கும். ஒரு வீட்டுக்கு நல்லா கேட்க ஊருக்கே கேட்காமப் போகும். இதுக்கு எந்தக் குழுவும் கடன் தரக் கூடாது என்பது கூட்டமைப்போட முடிவு.

டி.வி.க்குத்தான் இந்த வித்தை இனி தேவையில்லை, ரேடியோவுக்குத் தேவை. எதுக்கு என்று நமக்கே தெரியும். 2011 டிசம்பர் 30 தானே புயல். அப்புறம் 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ. மழை. டிசம்பர் 2 அன்னைக்கு விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் நடுவுல பாலத்துல வெள்ளம் ஏறி ரயிலை நிறுத்தினாங்க. பல ஊர்ல கரண்ட் இல்லை. கரண்ட் இல்லைன்னா டி.வி. இல்லை, கேபிள் இல்லை, ராத்திரிக்குள்ள செல்போனும் அணைஞ்சு போகும். அன்னைக்கு ரெண்டு பேட்டரி போட்ட ரேடியோ வெச்சிருக்கிற வீடுதான் தெருவுக்கே செய்தி சொல்லும். ஏரி உடைப்பு, அணை திறப்பு, எந்தப் பள்ளிக்கூடத்துல முகாம் என்கிற செய்தி நேரத்துக்குக் காதுல விழறது உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்.

ரேடியோவுலயும் கிட்டத்து நிலையம் தூரத்து நிலையத்தை அமுக்கும். மீடியம் வேவ்ல சென்னையோ திருச்சியோ பிடிக்கப் பார்க்கிறீங்க, பக்கத்து நிலையம் மேல ஏறுது என்றால் முள்ளைத் திருப்பிக்கிட்டே இருக்காதீங்க. ரேடியோவையே திருப்புங்க. மேசை மேல வெச்சு மெதுவா, திரிகை சுத்துற மாதிரி. உள்ளே ஒரு கறுப்புக் குச்சி இருக்கு, பெரும்பாலும் ரேடியோவோட நீளவாக்குல. அந்தக் குச்சி முனை எந்த ஊரைப் பார்க்குதோ அந்த ஊர் சத்தம் அடங்கும். ஆன்டெனாவுல பார்த்தோமே, அதே கதைதான். ஒரு சுத்துல ரெண்டு இடத்துல அடங்கும், எது வசதியோ அங்கே நிறுத்தி, தூரத்து நிலையத்தைக் கேளுங்க.

எஃப்.எம். வேற. அதுக்கு வெளியே இழுக்கிற கம்பிதான் ஆன்டெனா. எஃப்.எம். கோபுரத்துக்குப் பக்கத்து ஊர்கள்ல ஒரே நிலையம் நாலு இடத்துல கேட்கும், மத்த நிலையம் எதுவும் நிற்காது. உடனே கம்பியை முழுசா இழுப்போம். அது தப்பு, உலையில இன்னும் தண்ணி ஊத்துற வேலை. கம்பியை உள்ளே தள்ளுங்க, பாதி, இல்லைன்னா முக்கால்வாசி. பலமான நிலையம் குறைஞ்சதும் மத்தது தலை தூக்கும். கோபுரத்துக்குத் தள்ளி உள்ள மேல்மலையனூர், கண்டாச்சிபுரம் மாதிரி இடங்கள்ல இருக்கிறவங்க முழுசா இழுத்து வெச்சுக்கலாம். செல்போன்ல எஃப்.எம். இருந்தால் இயர்போன் ஒயர்தான் அதுக்கு ஆன்டெனா, ஒயரை மாட்டாம கேட்காது.

குழுவுக்கு ஒரு பேட்டரி ரேடியோ வாங்குறதுக்குப் பொது நிதியில இருந்து எடுக்கலாம், தீர்மானம் எழுதி எடுங்க. யார் வீட்டுல இருக்கு, பேட்டரி எப்போ மாத்தினது என்கிறதும் நோட்டுல இருக்கட்டும். பேட்டரியை உள்ளேயே போட்டு வைக்காதீங்க, ஒழுகி உள்ளே அரிச்சுடும். தனியா பிளாஸ்டிக் பையில கட்டி வைங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் பரணையில கிடக்கிற பழைய ரேடியோ இருந்தால் எடுத்துட்டு வாங்க. இங்கேயே திருப்பிப் பார்க்கலாம். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன்னாடி எல்லாக் குழுவும் ஒரு தடவை செய்து பார்த்துடணும். உங்க ஊர்ல எந்த நிலையம் எந்தத் திசையில அடங்குது என்று கண்டுபிடிச்சதும், ரேடியோ பின்பக்கத்துல பேனாவால ஒரு அம்புக்குறி போட்டு ஊர்ப் பேரை எழுதிடுங்க. இருட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்தால் போதும், தேட வேண்டியது இல்லை.